பில் விழுந்துச்சா, விழலையா?

மதுரை கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடை ஒன்றில் பில் போடுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். கண் சிட்டையில் இருக்கும், கை கீபோர்டில் இருக்கும். ‘துவ’ என்று தட்டி என்டர், 25 என்று தட்டி என்டர், அடுத்த சரக்கு. மவுஸ் பக்கம் கை போகவே போகாது. அவர் திரையை நிமிர்ந்து பார்ப்பது கடைசியில் மொத்தத் தொகையைச் சொல்லும்போதுதான். ஃபாக்ஸ்புரோ, விபி 6 போன்ற பழைய நிரல் கருவிகளில் எழுதிய டெஸ்க்டாப் மென்பொருள்கள் இப்படித்தான் ஊரெங்கும் உழைத்தன. இன்று அதே கடை முதலாளி, “எல்லாரும் ஆன்லைனுக்கு மாறுறாங்களாமே, நமக்கும் பண்ணிக் குடுங்க தம்பி” என்கிறார். பண்ணிக் கொடுக்கலாம். ஆனால் பழைய திரையை அப்படியே பிரவுசருக்குள் வரைந்து கொடுத்தால், ஒரே வாரத்தில் “பழசையே போட்டுக் குடுத்துருங்க” என்று கூப்பிடுவார்.

டெஸ்க்டாப்பில் சேமிக்கும் பட்டனை அமுக்கினால் இரண்டே பதில்தான். பில் பதிவாயிற்று, அல்லது ஆகவில்லை. டேட்டாபேஸ் அதே பெட்டிக்குள் இருக்கும். மிஞ்சிப்போனால் மாடியில் லேன் கேபிளின் மறுமுனையில் இருக்கும். வெப்பில் மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது: தெரியாது. பில் சர்வருக்குப் போய்ச் சேர்ந்து பதிவாகி, ‘ஆயிற்று’ என்ற பதில் திரும்பி வரும் வழியில் நெட் அறுந்திருக்கலாம். போகும்போதே அறுந்தும் இருக்கலாம். கல்லாவில் இருக்கிற பிரவுசருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தத் ‘தெரியாது’வை எப்படிக் கையாளப் போகிறோம் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட்டால் வெப் வடிவமைப்பில் பாதி வேலை தீர்ந்தது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மென்பொருளை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடிவதில்லை.

என்ன ஆகும் என்று கிட்டத்தில் பார்ப்போம். 14 சரக்கு உள்ள பில்லைச் சேமிக்கிறார்கள். சுழல்வட்டம் சுற்றுகிறது, பிறகு ‘பிழை, மீண்டும் முயலவும்’ என்று வருகிறது. வாடிக்கையாளர் முன்னால் நிற்கிறார், லோடுமேன் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டார். மறுபடி அமுக்குகிறார்கள். இம்முறை பில் விழுகிறது. முதல் தடவையும் சர்வரில் பதிவாகியிருந்தால் இப்போது ஒரே வியாபாரத்துக்கு இரண்டு பில். ஸ்டாக்கில் சரக்கு இரண்டு மடங்கு குறைந்திருக்கும், இரவு கல்லா எண்ணும்போது பணம் குறையும், பழி பில் போட்டவர் மேல் விழும். அவர் செய்த தப்பு எதுவும் இல்லை.

பட்டனை ஒருமுறை அமுக்கியதும் செயலிழக்கச் செய்வது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எஃப் 5 அடித்தால் பக்கம் புதிதாகி பட்டனுக்கு உயிர் வந்துவிடும். சரியான வழி, ஒவ்வொரு பில்லுக்கும் பிரவுசரே ஒரு தனி அடையாள எண்ணை உருவாக்கி, பில்லோடு சேர்த்து அனுப்புவது. சர்வர் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு ‘இரண்டாவது முறை வரக்கூடாது’ என்ற கட்டுப்பாடு இருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் பிழை காட்டாமல், முன்பு பதிவான பில்லையே பதிலாகத் திருப்பி அனுப்ப வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, பட்டனை அமுக்கும் நேரத்தில் அந்த எண்ணை உருவாக்குவது. அப்படிச் செய்தால் இரண்டு அமுக்கலுக்கு இரண்டு எண் வந்துவிடும், பாதுகாப்பு முழுக்க வீண். புது பில் திறக்கும்போதே எண் பிறந்துவிட வேண்டும். பிரவுசரின் உள் சேமிப்பில் எழுதியும் வைத்துவிட வேண்டும். பிறகு எத்தனை தடவை அனுப்பினாலும் கவலையில்லை. மறுமுயற்சிகளை 2, 4, 8 விநாடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு இடைவெளியிலும் கொஞ்சம் முன்பின்னாக ஏற்ற இறக்கம் வையுங்கள். இல்லையென்றால் கரண்ட் வந்த நொடியில் எல்லாக் கவுண்டரும் ஒரே நேரத்தில் சர்வர் மேல் விழும்.

அடுத்தது கையின் வேகம். மதுரையிலிருந்து மும்பை சர்வருக்குக் கேபிள் போகும் வழி சுமார் 1,500 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போவதால், போய்வர 15 மில்லிசெகண்ட் குறைந்தபட்சம் ஆகும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் சர்வர் வைத்தால் போகும் தூரம் 15,000 கி.மீ., போய்வர 150. எந்தச் சர்வராலும் இதைக் குறைக்க முடியாது. புது இணைப்பு என்றால் இணைப்பு போட ஒரு நடை, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு ஒரு நடை, கேள்விக்கு ஒரு நடை. ஆக மூன்று நடை, 450 மில்லிசெகண்ட். ஆகவே சர்வர் இந்தியாவில்தான் இருக்க வேண்டும். ஆனால் இருந்தாலும் போதாது.

காரணம், தாமதத்தைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் வேகமாகத் தட்டினால் கீ எல்லாம் வரிசையில் நிற்கும். மென்பொருள் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுக்கும். ‘துவ, என்டர், 25, என்டர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் ஒவ்வொன்றும் அதனதன் கட்டத்தில் போய் விழும். வெப்பில் பெயரைச் சர்வரில் தேடப் போட்டிருந்தால், பதில் வரும்வரை கர்சர் பெயர்க் கட்டத்திலேயே நிற்கும். கை நிற்காது. 25 என்ற எண் பெயரோடு ஒட்டி ‘துவ25’ என்று ஆகிவிடும். இன்னும் மோசம், பதில் தாமதமாக வந்து, பட்டியல் மாறிய நொடியில் என்டர் விழுந்து, துவரம் பருப்பு கேட்டவருக்கு வேறு சரக்கு ஏறிவிடும். கூகுள் 2024 மார்ச்சிலிருந்து, சொடுக்கினால் திரை 200 மில்லிசெகண்டுக்குள் மாற வேண்டும் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. சுழல்வட்டத்தைக் காட்டினாலும் அந்தப் பரீட்சையில் தேறிவிடலாம். கல்லாவில் தேற முடியாது.

தீர்வு எளிது: சரக்குப் பட்டியல் முழுவதும் பிரவுசரின் நினைவகத்தில் இருக்கட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும், யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் 3 பைட் பிடிக்கும். ‘துவரம் பருப்பு’ என்பது 13 குறிகளும் ஒரு இடைவெளியுமாக 40 பைட். விலை, வரி, குறுக்குப்பெயர் எல்லாம் சேர்த்துச் சரக்குக்கு 150 பைட் என்றால் 6,000 சரக்குக்கு 900 கிலோபைட். ஒரு செல்போன் போட்டோவைவிடச் சின்னது. காலையில் கடை திறக்கும்போது ஒருமுறை இறக்கிக்கொண்டு, அப்புறம் மாறியதை மட்டும் வாங்கினால் போதும். தேடல் அதன்பிறகு நெட்டைத் தொடவே தொடாது. கட்டத்திலிருந்து கட்டத்துக்குக் கர்சர் நகர்வதும் அந்த என்டரைக் கையாளும் அதே நொடியில் நடந்துவிட வேண்டும்; எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

கீகளிலும் ஒரு எச்சரிக்கை. எஃப் 5-ஐ, எஃப் 1-ஐ நம் வெப் பக்கத்துக்குள்ளேயே பிடித்து நம் வேலைக்குத் திருப்பிக்கொள்ளலாம். கண்ட்ரோல் என், கண்ட்ரோல் டபிள்யூ, கண்ட்ரோல் டி (T) மூன்றும் சாதாரண டேபில் பிரவுசருக்கே சொந்தம், நமக்குக் கிடைக்காது. பழைய மென்பொருளில் கண்ட்ரோல் என் அடித்துப் புது பில் திறந்து பழகியவருக்கு இதை மாற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

சரி, நெட் இல்லாமலே பில் போடலாம் என்று முடிவு செய்தால் பில் நம்பரை யார் கொடுப்பது? டெஸ்க்டாப்பில் ஒரே டேபிள், கடைசி நம்பரோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். நெட் இல்லாத இரண்டு கவுண்டர் தனித்தனியாக அப்படிக் கூட்டினால் ஒரே நம்பரில் இரண்டு பில் வரும். ஜிஎஸ்டி விதி 46 இங்கே நமக்குச் சாதகம்: நம்பர் 16 எழுத்துக்கு மிகாமல், வரிசையாக, அந்த நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ளலாம். எனவே கவுண்டருக்கு ஒரு வரிசை. எம்1/26-27/00482 என்று முதல் எழுத்தை ஆங்கிலத்தில் போட்டால் 14 எழுத்து, எல்லைக்குள் இருக்கிறது. அந்தக் கவுண்டரின் கம்ப்யூட்டர் செத்துப்போனால், புதிதாக வைக்கும் கம்ப்யூட்டருக்கு எம்1 வரிசையைத் தொடரக் கொடுக்காதீர்கள். செத்த பெட்டிக்குள் அனுப்பாத பில் எத்தனை இருந்தது என்று சர்வருக்குத் தெரியாது. புது வரிசை கொடுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நெட் இல்லாமல் நகர முடியாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வியாபாரி, ஜிஎஸ்டி பதிவு உள்ள இன்னொரு வியாபாரிக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். அரசுப் போர்ட்டலிலிருந்து பதிவு எண் வந்த பிறகுதான் அது பில். அப்படிப்பட்ட பில்லை ‘எண்ணுக்குக் காத்திருக்கிறது’ என்ற தனி நிலையில் வைத்து, திரையிலும் அப்படியே காட்ட வேண்டும். சில்லறை பில்லையும் இதையும் ஒரே வழியில் விடுகிற மென்பொருள், போர்ட்டல் மெதுவான நாளில் கடை முழுவதையும் நிறுத்திவிடும்.

பிரவுசருக்குள் வைத்த பில் எவ்வளவு பத்திரம்? நினைப்பதைவிடக் குறைவு. டிஸ்கில் இடம் நெருக்கினால் பிரவுசர் தானாகவே உள் சேமிப்பை அழிக்கலாம். ‘இதை அழிக்காதே’ என்று அனுமதி கேட்கும் வசதி இருக்கிறது, கட்டாயம் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் மனிதரிடமிருந்து அது காப்பாற்றாது. “சிஸ்டம் ஸ்லோவா இருக்குண்ணே, ஹிஸ்டரியைக் கிளியர் பண்ணிவிடுறேன்” என்று யாராவது உதவிக்கு வந்தால், அனுப்பாத பில்கள் குப்பையோடு போய்விடும். ஆகவே திரையின் மூலையில் எப்போதும் தெரியும்படி ‘அனுப்பாதவை: 3’ என்று ஒரு எண் இருக்க வேண்டும். பூஜ்யமாக இருந்தால் பச்சை, 15 நிமிஷத்துக்கு மேல் பூஜ்யமாகாமல் இருந்தால் சிவப்பு. என் கணிப்பில், மொத்த வடிவமைப்பிலும் மலிவானதும் அதிகம் காப்பாற்றுவதும் இந்த ஒரு எண்தான்.

இதைச் சொல்லும்போது டெஸ்க்டாப் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். கடையின் மொத்தக் கணக்கும் ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும். பேக்கப் எடுத்த பென் டிரைவ் அதே மேஜை டிராயரில் கிடக்கும். ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் ஃபைலானாலும் அக்சஸ் ஃபைலானாலும் 2 ஜிபியோடு முட்டி நின்றுவிடும், அதுவும் பரபரப்பான மாதத்தில்தான் நிற்கும். இந்தப் பயமெல்லாம் தீரும் என்பதற்காகவே வெப்புக்கு மாறலாம்.

அதிக நேரம் தின்னும் வேலை பிரிண்ட். டெஸ்க்டாப் மென்பொருள் பிரிண்டருக்கு நேராகக் கட்டளை அனுப்பும். பட்டனை அமுக்கிய மறுநொடி காகிதம் வரும். பிரவுசரோ பிரிண்ட் விண்டோவைத் திறந்து, மார்ஜின் வைத்து, மேலே தேதியும் கீழே பக்க முகவரியும் சேர்த்து, எந்தப் பிரிண்டர் என்று கேட்கும். ஒரு நாளைக்கு 200 பில் போடும் கடையில் இது நடக்காது. குரோமைக் கியாஸ்க் பிரிண்டிங் என்ற அமைப்போடு திறக்கும்படி ஷார்ட்கட்டை மாற்றினால், விண்டோ திறக்காமல் டீஃபால்ட் பிரிண்டருக்கு நேராகப் போகும். அங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. ‘டீஃபால்ட் பிரிண்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற தேர்வு ஆன் ஆகியிருந்தால், கடைசியாக எதில் பிரிண்ட் எடுத்தார்களோ அதுவே டீஃபால்ட் ஆகிவிடும். யாரோ ஒரு கடிதத்தை ஏ4 லேசரில் எடுப்பார், அடுத்த பில் மாடியில் போய் விழும். கல்லாவில் ‘பில் விழலை’ என்று சத்தம் கிளம்பும். அந்தத் தேர்வை முதலில் அணையுங்கள்.

அளவுகளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 80 மி.மீ. ரோலில் அச்சாகும் அகலம் 72 மி.மீ. தெர்மல் பிரிண்டருக்கு மி.மீ.க்கு 8 புள்ளி; ஆக ஒரு வரிசைக்கு 576 புள்ளி. 58 மி.மீ. ரோல் என்றால் 384. பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. ஆகவே தமிழ் பில்லைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். 40 வரி பில், வரிக்கு 30 புள்ளி உயரம் என்றால் 1,200 வரிசை. வரிசைக்கு 72 பைட் வீதம் 86,400 பைட். யூஎஸ்பியில் இது கண் இமைக்கும் நேரம். அதே பிரிண்டரைப் பழைய சீரியல் கேபிளில் 9,600 வேகத்தில் மாட்டியிருந்தால் விநாடிக்கு 960 பைட்தான் போகும், ஒரு பில்லுக்கு ஒன்றரை நிமிஷம். ‘தமிழ்ல போட்டா ஸ்லோவா வருது’ என்று புகார் வந்தால் எழுத்துருவைச் சந்தேகிப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். எடைத் தராசுக்கு அந்தக் கவலை இல்லை, அது அனுப்புவது சில எழுத்துகள்தான். 2021 முதல் குரோமிலிருந்தே சீரியல் போர்ட்டைப் படிக்க முடிகிறது. முதல் தடவை மட்டும் பில் போடுகிறவர் தன் கையால் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுக்க வேண்டும். ஆனால் பழைய விண்டோஸ் 7 பெட்டி குரோம் 109-ஓடு நின்றுவிட்டது. அந்தப் பதிப்பில் ஓடாத எதையும் கட்டாயமாக்கினால், கம்ப்யூட்டர் விலையையும் உங்கள் மென்பொருளின் விலையோடு சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

வெப்பின் அருமை வரி மாறும் நாளில் தெரியும். 2025 செப்டம்பர் 22 அன்று நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5-க்கும், ஷாம்பு, டூத்பேஸ்ட், சோப்புக்கட்டி 18-லிருந்து 5-க்கும் இறங்கின. டெஸ்க்டாப் என்றால் கடை கடையாக ஏற வேண்டும். வெப்பில் சர்வரில் ஒரே இடம். ஆனால் வரி விகிதத்தை ஒற்றை எண்ணாக வைத்திருந்தால், நள்ளிரவில் யாராவது விழித்திருந்து மாற்ற வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்று வரிசையாக வைத்தால் ஒரு வாரம் முன்பே பதிந்துவிட்டுத் தூங்கலாம். ஒவ்வொரு பில்லும் தன் விகிதத்தைத் தனக்குள்ளேயே எழுதிவைத்திருக்கவும் வேண்டும். செப்டம்பர் 20-இல் வாங்கிய நெய் 24-இல் திரும்பி வந்தால் கழிக்க வேண்டியது பழைய 12 சதவீதம். தொகைகளை எல்லாம் பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் 0.1-ம் 0.2-ம் சேர்ந்தால் சரியாக 0.3 வராது.

‘சர்வரில் மாற்றினால் எல்லாருக்கும் மாறிவிடும்’ என்பதும் முழு உண்மை இல்லை. கடைக் கம்ப்யூட்டரை அணைப்பதே இல்லை. ஒரே டேப் வாரக்கணக்கில் திறந்து கிடக்கும். அதற்குள் ஓடுவது போன மாத நிரல். புது சர்வர் அந்தப் பழைய டேபின் பேச்சையும் சில வாரம் புரிந்துகொள்ள வேண்டும். புதுப் பதிப்பு வந்திருப்பது தெரிந்தால், பில் நடுவில் பக்கத்தைப் புதுப்பிக்காமல், கையில் இருக்கும் பில் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் இந்த மளிகைக் கல்லாவுக்கு நேர் எதிரான இடம். மல்லிகை விலை காலையில் ஒன்று, கொஞ்ச நேரத்தில் வேறொன்று. முகூர்த்த நாள் என்றால் சொல்லவே வேண்டாம். விலையைப் போடுகிறவர் கமிஷன் கடையில் ஒருவர், பார்க்க நினைப்பவர்கள் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் தோட்டத்தில் நிற்கும் பல பேர். அவர்களிடம் இருப்பது செல்போன். எழுதுவது ஒருவர், படிப்பது ஊரே என்கிற வேலைக்கு டெஸ்க்டாப் மென்பொருளை யோசிக்கவே வேண்டாம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஒரு போன் வந்து பேசிவிட்டுத் திரும்புவதற்குள் ஆண்ட்ராய்டு, பின்னணியில் இருந்த டேபை நினைவகத்திலிருந்து தூக்கிவிடும். பாதி நிரப்பிய படிவம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்ப நிரப்பச் சேமியுங்கள். விலையோடு அது எத்தனை மணி விலை என்பதையும் அதே அளவு எழுத்தில் காட்டுங்கள். நெட் போன போனில் நிற்கும் பழைய விலையை இன்றைய விலை என்று நம்பி ஒரு விவசாயி பூவைப் பறித்துவிடக் கூடாது.

இரண்டு பேர் ஒரே சரக்கின் விலையைத் திருத்தினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஃபாக்ஸ்புரோ பூட்டுப் போட்டுப் பதில் சொன்னது. வெப்பில் பூட்டியவர் டேபை மூடிவிட்டுப் போனாரா என்றே சர்வருக்குத் தெரியாது, பூட்டு அப்படியே தொங்கும். பதிலாகச் சரக்குக்கு ஒரு பதிப்பு எண் வையுங்கள். ‘17-ஆம் பதிப்பைப் பார்த்துத் திருத்துகிறேன்’ என்று வரும் திருத்தத்தை, இப்போதும் 17-ஆகவே இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 18 ஆகியிருந்தால் இரண்டு விலையையும் காட்டிக் கேட்க வேண்டும். ஸ்டாக்குக்கு இதுவும் வேண்டாம். ‘இருப்பு 40’ என்று எழுதாமல் ‘5 போயிற்று’, ‘10 வந்தது’ என்று நடமாட்டத்தை மட்டும் எழுதினால், தாமதமாக வந்து சேரும் பில்லும் தன் கணக்கைச் சரியாகச் சேர்த்துக்கொள்ளும்.

தமிழைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய மென்பொருளில் பெயர்கள் பாமினி, டேம் (TAM), டேப் (TAB) போன்ற எழுத்துருக் குறியீட்டில் கிடக்கும்; யூனிகோடுக்கு மாற்றியதும் இரண்டு சிக்கல் எட்டிப் பார்க்கும். யூனிகோடு எண் வரிசை தமிழ் அகரவரிசை அல்ல. ‘ன’ அங்கே ‘ந’வுக்கு அடுத்தே வந்துவிடும், புள்ளி வைத்த ‘க்’ ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும். தமிழ் வரிசை விதியைச் சொல்லித்தான் அடுக்க வேண்டும். அடுத்து, ‘சௌ’ என்பதை ‘செ’யும் ‘ள’வுமாகத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டும் வேறு. சௌசௌ பட்டியலில் இருந்தும் கிடைக்காமல் போவது இதனால்தான். மாற்றும்போதே இதைத் திருத்திவிடுங்கள்.

கடையில் ஒப்படைக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஆபீஸில் நடக்காது, கல்லாவில்தான் நடக்கும். ஐந்தாவது சரக்கைத் தட்டும்போது லேன் கேபிளைப் பிடுங்குங்கள். பில் முடிந்து காகிதம் வர வேண்டும், ‘அனுப்பாதவை: 1’ தெரிய வேண்டும். கேபிளை மாட்டிவிட்டு, இப்போது ஃபைபர் பெட்டிக்குள் வரும் மஞ்சள் வயரை மட்டும் கழற்றுங்கள். ரவுட்டர் உயிரோடு இருப்பதால் பிரவுசர் ‘ஆன்லைன்’ என்றே சாதிக்கும். அதை நம்பாமல் நம் சர்வரிடமிருந்து பதில் வருகிறதா என்று மென்பொருள் தானே பார்க்க வேண்டும். அடுத்து மெயின் சுவிட்சை அணையுங்கள். யூபிஎஸ் கம்ப்யூட்டரைத் தாங்கும், ஃபைபர் பெட்டி அணைந்துவிடும். பெரும்பாலான கடைகளில் அதை யூபிஎஸ்ஸில் மாட்டியிருக்கவே மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் நிறுத்தும் நாளுக்கு முன்பே அதையும் யூபிஎஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள். கடைசியாகப் பில் நடுவில் கம்ப்யூட்டரின் பிளக்கையே உருவுங்கள். திரும்ப ஆன் செய்ததும் அதே பில், அதே ஐந்தாவது சரக்கில், கர்சரோடு நிற்க வேண்டும். மாலையில் கடை சாத்தும்போது கவுண்டரில் விழுந்த பில் எண்ணிக்கையையும் சர்வரில் ஏறிய எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கே 212 என்றால் அங்கேயும் 212, தொகையும் பைசா பிசகாமல் அதே.